கருவில் உருவாகும் மூளை

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி வழியாகத் திண்டிவனம் செல்லும் பெருஞ்சாலையில் கீழ்பென்னாத்தூர் என்னும் பேரூர் அமைந்துள்ளது. ஏரிகளும் நெற்கழனிகளும் நிலக்கடலைக் கொல்லைகளும் சூழ்ந்த ஊர் அது. அவ்வூர் மக்கள் கார்த்திகைத் தீபத்தன்றும் மற்றைத் திருநாட்களிலும் அண்ணாமலையார் கோயிலுக்குச் சென்று வருவது வழக்கம். அக்கோயிற் சுவர்களில் வரிவரியாக எழுத்துகள் பொறிக்கப்பட்டிருப்பதை அவர்கள் கண்டிருப்பர். அவை பண்டை மன்னர் காலத்துக் கல்வெட்டுகள். இன்னார் இன்ன நிலத்தைக் கொடையளித்தார், இன்னார் நந்தாவிளக்கு எரிய வழிசெய்தார் என்பன போன்ற செய்திகள் அவற்றில் அடங்கியுள்ளன.

இக்கல்வெட்டுகளை ஆராய விரும்பும் அறிஞர் சுவரைப் பெயர்த்து எடுத்துச் செல்வதில்லை. கல்லை நன்கு கழுவி, நனைத்த தாளை அதன்மேல் ஒட்டித் தூரிகையால் தட்டுவர். எழுத்துப் பள்ளங்களில் தாள் பதிந்தபின் மேற்புறத்தில் மையை ஒற்றுவர். உலர்ந்தபின் தாளை உரித்தெடுத்தால் கரிய நிலத்தில் வெள்ளெழுத்துகள் பளிச்செனத் தோன்றும். இதற்கு மைப்படி என்று பெயர். கல் இருந்த இடத்திலேயே இருக்கும். மைப்படிதான் அறிஞரின் மேசைக்குச் செல்லும், படிக்கப்படும், நாளடைவில் கிழிந்தும் போகும். கல்லின்மேல் சுண்ணாம்பு பூசப்பட்டிருப்பின் மைப்படி எடுக்க இயலாது. எழுத்து உள்ளே அழியாமல் இருந்தும் அது பேசாது.

இச்செய்தியை மனத்தில் இருத்திக்கொண்டால், தாயின் கருப்பையில் ஒரு குழந்தையின் மூளை எங்ஙனம் உருப்பெறுகின்றது என்பதை நாம் ஓரளவு விளங்கிக்கொள்ளலாம்.

நமது உடல் எண்ணற்ற உயிரணுக்களால் ஆனது. இரத்தச் சிவப்பணு போன்ற சிலவற்றை நீக்கினால், ஒவ்வோர் உயிரணுவின் உட்கருவிலும் டி.என்.ஏ. என்னும் நீண்ட இழை சுருண்டு கிடக்கின்றது. அதுவே நாம் கூறிய கல்வெட்டு. நான்கே வகை எழுத்துகளால் எழுதப்பட்ட அக்கல்வெட்டில் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள் உள்ளன. அவற்றுள் ஒரு புரதத்தை ஆக்குதற்குரிய குறிப்பைத் தாங்கிய பகுதியை மரபணு என்கிறோம். மனிதனிடத்தில் இத்தகைய மரபணுக்கள் சுமார் 20,000 உள்ளன. மரபணுவிலிருந்து முதலில் ஒரு படி எடுக்கப்படுகின்றது. அப்படிக்குச் செய்தி ஆர்.என்.ஏ. என்று பெயர். அது உட்கருவை விட்டு வெளியேறி, உயிரணுவின் மற்றோரிடத்தில் படிக்கப்பட்டு, அங்கே புரதம் உருவாகின்றது. கல்வெட்டு, மைப்படி, படித்தறிந்த பொருள் என்னும் மூன்றும் போன்றனவே டி.என்.ஏ., செய்தி ஆர்.என்.ஏ., புரதம் என்னும் மூன்றும்.

இங்கே ஒரு வியப்பு உண்டு. தோலில் உள்ள உயிரணுவும், கண்ணில் உள்ள உயிரணுவும், மூளையில் உள்ள நரம்பணுவும் ஒரே கல்வெட்டையே தாங்கியுள்ளன. ஒருவருடைய தோலணுவில் மூளையை ஆக்கும் குறிப்புகள் இல்லாமல் இல்லை. அவை படியெடுக்கப்படாமல் கிடக்கின்றன, அவ்வளவே. ஆகவே ஓர் உயிரணுவின் தன்மையை அறியவேண்டின், அதன் சுவரில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டுப் பயனில்லை. எவ்வெழுத்துகள் படியெடுக்கப்பட்டன, எப்பொழுது எடுக்கப்பட்டன, எடுத்த படிகளுள் எவை படிக்கப்பட்டன, எவை படிக்கப்படாமல் அழிக்கப்பட்டன என்றே கேட்கவேண்டும்.

ஈரமண்ணில் வாழும் ஒரு சிறு புழு இதற்கு நல்ல சான்று. சீனோராப்டைடிஸ் எலிகன்ஸ் என்னும் நீண்ட பெயரைத் தாங்கிய அப்புழுவின் நீளம் ஒரு மில்லிமீட்டர். பெயரின் நீளத்துக்கும் உடலின் நீளத்துக்கும் தொடர்பில்லை போலும்! அதன் உடலில் உள்ள நரம்பணுக்கள் 302. மனித மூளையிலோ சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. அங்ஙனமாயின் மனிதனிடத்தில் மரபணுக்களும் பன்மடங்கு மிகுந்திருக்கும் என்று எண்ணத் தோன்றும். உண்மையில் அப்புழுவுக்கும் மரபணுக்கள் ஏறத்தாழ 20,000 தாம். அவற்றை ஆளும் முறையில்தான் பெரும் வேறுபாடு இருக்கின்றது.

இனிக் கருப்பைக்குள் நடப்பதைக் காண்போம். கருவுற்ற மூன்றாம் வாரத்தில் கரு ஒரு தட்டையான சிறு தகடு போன்று இருக்கும். அதன் மேற்பரப்பில், நடுவே ஒரு பகுதி தடித்து எழும். அதனை நரம்புத் தகடு என்பர். பின்னர் அதன் இரு ஓரங்களும் மேலெழுந்து, நடுவில் ஒரு பள்ளம் தோன்றும். வெற்றிலையை நடுநரம்பு கீழே இருக்குமாறு உள்ளங்கையில் வைத்து, இரு ஓரங்களையும் மேலே மடித்து ஒன்றுசேர்த்தால் ஒரு குழல் உண்டாகுமன்றோ? அவ்வாறே நரம்புத் தகட்டின் ஓரங்களும் ஒன்றையொன்று நெருங்கி ஒட்டிக்கொள்கின்றன. ஏறத்தாழ 22ஆம் நாளில் கழுத்துப் பகுதியை அடுத்து இவ்வொட்டுதல் தொடங்கி, மேலும் கீழுமாகப் பரவுகின்றது. தலைப்பக்கத்து வாய் சுமார் 25ஆம் நாளிலும், கீழ்ப்பக்கத்து வாய் சுமார் 28ஆம் நாளிலும் மூடுகின்றன. இக்குழலே நரம்புக் குழல். இதன் மேற்பகுதி பருத்து மூளையாகவும், எஞ்சிய பகுதி நீண்டு தண்டுவடமாகவும் ஆகின்றன. அப்போது கருவின் நீளம் ஓர் அரிசியின் அளவேயாகும்.

மேற்பரப்பிலுள்ள உயிரணுக்களுள் சில தோலாகின்றன, சில நரம்பாகின்றன. யார் யார் எதுவாக வேண்டும் என்பதை முடிவுசெய்வது எது? இவ்வினாவுக்கு விடைகாணும் வழியை ஜெர்மானிய அறிஞர் ஹான்ஸ் ஸ்பீமானும் அவர்தம் மாணவி ஹில்டே மாங்கோல்டும் 1924ஆம் ஆண்டில் காட்டினர். நீர்ப்பல்லியை ஒத்த ஒரு சிற்றுயிரின் கருவிலிருந்து, பிற்காலத்தில் முதுகுப்புறமாக அமையும் இடத்திலிருந்த ஒரு துணுக்கை எடுத்து, மற்றொரு கருவின் வயிற்றுப்புறத்தில் மாங்கோல்ட் ஒட்டினார். இரு கருக்களும் வெவ்வேறு நிறத்தன. ஆதலால் எத்திசு எதனின்று வந்தது என்று பிரித்தறிய முடிந்தது. சில நாட்களில் அவ்வயிற்றுப்புறத்தில் இரண்டாவதாக ஒரு நரம்புக் குழல் எழுந்தது. அது பெரும்பாலும் ஒட்டிய துணுக்கிலிருந்து வளர்ந்ததன்று. தோலாக வேண்டிய சுற்றுப்புறத்து உயிரணுக்களே அத்துணுக்கின் ஏவலால் நரம்பாயின. அத்துணுக்குக்கு அமைப்பாளன் எனப் பெயரிட்டனர். ஸ்பீமான் 1935இல் நோபெல் பரிசு பெற்றார். மாங்கோல்ட் அப்புகழைக் காணும் பேறு பெற்றிலர். 1924ஆம் ஆண்டிலேயே, தம் 25ஆம் வயதில், சமையலறையில் நேர்ந்த தீவிபத்தால் அவர் உயிர் நீத்தார்.

அமைப்பாளன் விடுத்த ஏவல் யாது? அதனை அறிய மேலும் 70 ஆண்டுகள் ஆயின. 1992இல் நாகின் என்ற புரதமும், 1994இல் கார்டின் என்ற புரதமும் கண்டறியப்பட்டன. இவையே அமைப்பாளனின் தூதர்கள். ஆனால் இத்தூதர் கொண்டுவரும் செய்தியோ நாம் எதிர்பார்ப்பதற்கு மாறானது. ‘நரம்பாகுக’ என்று அவை கட்டளையிடுவதில்லை. ‘தோலாகுக’ என்று ஏற்கெனவே வந்துகொண்டிருக்கும் கட்டளையைத் தடுத்துவிடுகின்றன. அக்கட்டளை காதில் விழாத உயிரணுக்கள் நரம்பாகும் வழியில் செல்கின்றன. மூளையின் பிறப்பிலே முதல் நிகழ்ச்சி ஒரு தடைதான் என்பது சிந்திக்கத்தக்கது.

இத்தகைய தடையொன்றை நம் நாட்டு அறிஞர்களும் மூளையின் உள்ளேயே கண்டுள்ளனர். மும்பையிலுள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றும் சுபா டோலே என்னும் அறிவியலாளரும் அவர்தம் குழுவினரும் எலிக்கருவின் மூளையை ஆராய்ந்து, எல்.எச்.எக்ஸ். 2 என்னும் மரபணுவின் தொழிலை 2008இல் வெளியிட்டனர். மூளையின் மேற்புறணியாக வேண்டிய உயிரணுக்களில் இம்மரபணு தொழிற்படவேண்டும். அது இல்லாத உயிரணுக்கள் புறணியாகாமல், அருகிலே ஹிப்போகாம்பஸ் என்னும் நினைவுப் பகுதியை எழுப்புகின்ற அமைப்பாளனாக மாறிவிடுகின்றன. அங்கங்கே சில உயிரணுக்களில் மட்டும் அம்மரபணுவை நீக்கியபோது, ஒவ்வொரு கூட்டத்தின் அருகிலும் புதிதாக நினைவுப் பகுதி முளைத்தது. அமைப்பாளனை அதன் எல்லைக்குள் அடக்கிவைப்பதே எல்.எச்.எக்ஸ். 2இன் பணி என்பது இதனால் தெளிவாயிற்று. அதற்கும் கால எல்லை உண்டு. கருவளர்ச்சியின் தொடக்க நாட்களில் நீக்கினால்தான் இம்மாற்றம் நிகழும். நாள் கடந்தபின் நீக்கினால் நிகழாது.

இதுகாறும் கூறியவை, எம்மரபணுவைப் படியெடுக்கலாம், எதனைப் படியெடுத்தலாகாது என்பது பற்றியவை. அறிவியலார் நெடுங்காலம் இதனோடு நின்றுவிட்டனர். ஆனால் படியெடுத்தலை நிறுத்தியபின்னும், முன்னரே எடுத்த படிகள் உயிரணுவினுள் உலவிக்கொண்டிருக்குமல்லவா? நேற்றைய ஆணை இன்றும் கையில் இருந்தால் குழப்பமன்றோ விளையும்? அப்படிகளைத் தேடிப்பிடித்துச் செயலறச் செய்யும் ஒரு கூட்டம் உண்டு என்பதை முன்னர்க் குறிப்பிட்ட அச்சிறு புழுவே காட்டிக்கொடுத்தது.

அமெரிக்க அறிஞர்களாகிய விக்டர் ஆம்ப்ரோஸும் காரி ரவ்கனும் இளைஞர்களாக ஒரே ஆய்வுக்கூடத்தில் பணியாற்றியபோது, பருவம் தவறி வளரும் புழுக்களை ஆராய்ந்தனர். லின்-4 என்னும் மரபணு கெட்டுப்போன புழு, தன் முதற்பருவத்து வேலைகளையே மீண்டும் மீண்டும் செய்துகொண்டிருந்தது. முதல் வகுப்புப் பாடத்தையே ஆண்டுதோறும் படிக்கும் பிள்ளையை ஒத்தது அதன் நிலை. லின்-14 என்னும் மற்றொரு மரபணு கெட்ட புழுவோ முதற்பருவத்தைத் தாண்டிக் குதித்து அடுத்த பருவத்து வேலைகளில் இறங்கியது. லின்-4 ஏதோ ஒரு வகையில் லின்-14ஐ அடக்குகிறது என்று தெரிந்தது. எவ்வகையில் என்பது தெரியவில்லை.

பின்னர் இருவரும் வெவ்வேறு ஆய்வுக்கூடங்களை நிறுவிக்கொண்டு தத்தம் பகுதியை ஆராய்ந்தனர். லின்-4 மரபணுவிலிருந்து புரதம் எதுவும் உண்டாகவில்லை என்றும், 22 எழுத்துகளே கொண்ட மிகச் சிறியதோர் ஆர்.என்.ஏ. துணுக்கே உண்டாகிறது என்றும் ஆம்ப்ரோஸின் குழுவினர் கண்டனர். லின்-14இன் படி எடுக்கப்படுகிறது, ஆனால் புரதமாவதற்குமுன் தடைப்படுகிறது என்றும், அத்தடை படியின் கடைக்கோடியில் ஏற்படுகிறது என்றும் ரவ்கன் கண்டார். இருவரும் தாம் கண்ட எழுத்துவரிசைகளை ஒப்பிட்டுப் பார்த்தபோது, அச்சிறு துணுக்கின் எழுத்துகள் அக்கடைக்கோடியின் எழுத்துகளோடு பூட்டும் திறவுகோலும் போலப் பொருந்தின. துணுக்கு சென்று படியின்மேல் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டப்பெற்ற படி படிக்கப்படாமல் கிடந்து, பெரும்பாலும் சிதைந்துபோகிறது. 1993இல் இவ்வுண்மை வெளியாயிற்று. இத்தகைய துணுக்குகளையே இன்று நுண் ஆர்.என்.ஏ. என்று வழங்குகிறோம்.

உலகம் இதனை உடனே போற்றிற்று என்று எண்ணவேண்டா. புழுவுக்கு மட்டும் உரிய ஒரு விசித்திரம் என்றே பலரும் கருதினர். 2000ஆம் ஆண்டில் லெட்-7 என்னும் மற்றொரு நுண் ஆர்.என்.ஏ.வை ரவ்கன் குழுவினர் கண்டறிந்து, அது ஈயிலும் மீனிலும் மனிதனிலும் எழுத்து மாறாமல் உள்ளது என்று காட்டியபின்னரே ஆராய்ச்சியாளர் விழித்தெழுந்தனர். மனிதனிடத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நுண் ஆர்.என்.ஏ.க்கள் உள்ளன என்று இன்று அறிவோம். ஆம்ப்ரோஸுக்கும் ரவ்கனுக்கும் 2024ஆம் ஆண்டின் மருத்துவ நோபெல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

இனி, இத்துணுக்குகள் மூளை உருவாகும்போது ஆற்றும் தொண்டைக் காண்போம். மூளையில் மிகுதியாகக் காணப்படும் நுண் ஆர்.என்.ஏ. ஒன்றுக்கு 124 என்று எண்ணிட்டுள்ளனர். நரம்பணு அல்லாத உயிரணுக்களில் ரெஸ்ட் என்னும் புரதம் நரம்புக்குரிய மரபணுக்களைப் படியெடுக்க விடாமல் காவல் காக்கின்றது. 124ஆம் துணுக்கையும் அது தோன்ற விடுவதில்லை. தாயணு ஒன்று நரம்பணுவாக மாறும் வேளை வந்ததும் ரெஸ்ட் குறைகிறது. காவல் நீங்கியதும் நரம்புக்குரிய மரபணுக்கள் படியெடுக்கப்படுகின்றன. 124ஆம் துணுக்கும் பெருகுகின்றது. பெருகிய துணுக்கு என்ன செய்கின்றது? தாயணுவாக இருந்த காலத்தில் எடுக்கப்பட்டு எஞ்சியிருக்கும் நூற்றுக்கணக்கான பழைய படிகளைப் பற்றிச் செயலறச் செய்கின்றது. ரெஸ்டுக்குத் துணைநின்ற புரதம் ஒன்றன் படியும் அவற்றுள் அடங்கும். ஆதலால் காவலன் மீண்டும் தலையெடுக்க வழியில்லாமற் போகின்றது. ஒருவரையொருவர் அடக்கும் இருவருள் ஒருவர் தளர்ந்த கணத்திலே மற்றவர் வென்று, அவ்வெற்றியைத் தாமே உறுதிசெய்துகொள்வதை இஃது ஒக்கும். நரம்பணுவாகிவிட்ட உயிரணு திரும்பித் தாயணுவாகாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாம்.

இதன் ஆற்றலை மெய்ப்பிக்கும் சோதனைகள் இரண்டு. 2005இல் ஓர் ஆய்வுக்குழுவினர், மூளையோடு சிறிதும் தொடர்பில்லாத மனித உயிரணுக்களில் 124ஆம் துணுக்கைச் செலுத்தினர். நூற்றுக்கு மேற்பட்ட படிகள் குறைந்து, அவ்வுயிரணுக்களின் செய்தித் தொகுப்பு மூளையினுடையதை ஒத்த வடிவை நோக்கி நகர்ந்தது. 2011இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தார் 124ஐயும், 9 என்று எண்ணிடப்பட்ட மற்றொரு துணுக்கையும் மனிதத் தோலின் உயிரணுக்களில் செலுத்தினர். அவற்றுட் சில நரம்பணுக்களாகவே மாறின. வேறு சில புரதங்களின் துணையும் சேர்ந்தபோது மாற்றம் மேலும் மிகுந்தது. மறுபுறம், நுண் ஆர்.என்.ஏ.க்களை நறுக்கி ஆக்கும் டைசர் என்னும் நொதியை எலிக்கருவின் மூளைப் புறணியில் இல்லாமற் செய்தபோது, நரம்பணுக்கள் பெருமளவில் மடிந்து புறணி மெலிந்தது. தடுக்க வேண்டியதைத் தடுப்பார் இல்லையெனில் ஆக்கமும் நிகழாது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

இவ்வளவு நுட்பமான ஏற்பாட்டில் பிழை நேர்வதும் உண்டு. நரம்புக் குழலின் வாய் ஒன்று மூடாமல் நின்றுவிட்டால், அப்பிழையைப் பின்னர்த் திருத்திக்கொள்ளக் கருவுக்கு வாய்ப்பில்லை. மேல்வாய் மூடாத குழந்தைக்கு மூளை முழுமையாக அமைவதில்லை, அது பிழைப்பதில்லை. கீழ்ப்பகுதி மூடாத குழந்தை முதுகெலும்புப் பிளவோடு பிறந்து, கால்கள் வலுவிழந்து, வாழ்நாள் முழுதும் இடர்ப்படுகின்றது. கிரகண வேளையில் தாய் வெளியே வந்ததே இதற்குக் காரணம் என்று நம் சிற்றூர்களில் இன்றும் கூறக் கேட்கிறோம். குழந்தையின் துயரத்தோடு தாயின்மீது பழியையும் சுமத்துகின்ற இப்பேச்சுக்கு ஆதாரம் ஏதும் இல்லை. மரபணு வேறுபாடுகள் பல இக்குறைக்குக் காரணமாகின்றன. அவற்றோடு சேர்ந்து நிற்கும் மற்றொரு காரணத்தை மட்டும் நம்மால் பெரிதும் நீக்க முடியும். அதுவே ஃபோலிக் அமிலக் குறைவு.

இவ்வூட்டச்சத்தின் வரலாற்றில் நம் நாட்டுக்கும் சென்னைக்கும் சிறந்த இடமுண்டு. 1928இல் லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மருத்துவப் பெண்மணி, பம்பாயில் கருவுற்ற ஆலைத்தொழிலாளப் பெண்களை வருத்திய கொடிய இரத்தசோகையை ஆராய இந்தியா வந்தார். குன்னூரிலும், பின்னர்ச் சென்னைத் திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என வழங்கும் மகளிர் மருத்துவமனையிலும் அவர் பணிபுரிந்தார். மலிவான ஈஸ்ட் சாறு அந்நோயைத் தீர்க்கின்றது என்று 1931இல் அவர் அறிவித்தார். சாற்றில் மறைந்திருந்த அப்பொருளே ஃபோலிக் அமிலம். அதனைச் செயற்கையாக ஆக்கும் முறையை 1945இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வுக்குழுவுக்குத் தலைமை தாங்கியவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, கடல்கடந்து சென்றவர் அவர். தம் உடன்பிறந்தாரை ஸ்ப்ரூ என்னும் குடல்நோய்க்கு அவர் இளமையில் பறிகொடுத்திருந்தார். அந்நோய்க்கும் ஃபோலிக் அமிலம் மருந்தாயிற்று.

உயிரணு ஒன்று இரண்டாகப் பிரியும்போது கல்வெட்டு முழுதும் மறுபடி எழுதப்படல் வேண்டும். அவ்வெழுத்துகளை ஆக்க ஃபோலிக் அமிலம் இன்றியமையாதது. அதுமட்டுமன்று; சில மரபணுக்களைப் படியெடுக்காதவாறு டி.என்.ஏ.வின்மேல் மெதில் என்னும் சிறு அடையாளம் இடப்படுகின்றது. கல்வெட்டின்மேல் பூசிய சுண்ணாம்பை நினைவுகூர்க. அச்சுண்ணாம்புக்கு வேண்டிய மூலப்பொருளும் ஃபோலிக் அமிலத்தின் வழியே கிடைக்கின்றது. நரம்புக் குழல் மூடும் நாட்களில் உயிரணுக்கள் மிக விரைந்து பெருகுவதால், இவ்விரு தேவைகளும் அப்போது உச்சத்தில் இருக்கும்.

1991இல் வெளியான ஒரு பெருஞ்சோதனை ஐயத்தைப் போக்கிற்று. முன்னர் இக்குறையுள்ள கருவைச் சுமந்த 1,817 பெண்கள் 7 நாடுகளில் 33 மருத்துவ நிலையங்கள் வாயிலாக அச்சோதனையிற் கலந்துகொண்டனர். ஒரு பாதியினர் கருவுறுமுன்பே தொடங்கி ஃபோலிக் அமிலம் உண்டனர், மறுபாதியினர் உண்டிலர். உண்டவர்க்குப் பிறந்தவற்றுள் 6இல் மட்டுமே நரம்புக் குழற்குறை காணப்பட்டது. உண்ணாதவர்க்கு 21இல் காணப்பட்டது. நூற்றுக்கு எழுபதுக்கு மேல் இக்குறை தவிர்க்கப்பட்டது என்பது பொருள்.

இங்கே காலத்தைக் கணக்கிட்டுப் பார்க்கவேண்டும். நரம்புக் குழல் 28ஆம் நாளில் மூடிவிடுகின்றது. கீழ்பென்னாத்தூர் போன்ற ஊரில் ஒரு பெண் தான் கருவுற்றிருப்பதை ஐயுற்று, வீட்டாரிடம் கூறி, கிராம சுகாதாரச் செவிலியரிடம் பெயரைப் பதிவதற்குள் ஐந்தாறு வாரங்களோ அதற்கு மேலுமோ கடந்துவிடும். அன்று மாத்திரை வாங்கத் தொடங்கினால் தாயின் இரத்தத்துக்கு நன்மை உண்டு. மூடாத குழலுக்கு அது காலங்கடந்த உதவி. ஆதலால்தான் கருவுற விரும்பும் பெண்கள் முன்கூட்டியே, நாள்தோறும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் உட்கொள்ள வேண்டுமென மருத்துவர் வற்புறுத்துகின்றனர். முன்னர் இக்குறையுற்ற குழந்தையைப் பெற்றவர்க்கு இதனினும் மிகுந்த அளவை மருத்துவரே வகுத்துக் கூறுவர்.

பள்ளிகளில் வாரந்தோறும் வழங்கும் நீலநிற மாத்திரையை மாணவர்கள் அறிவர். அதில் இரும்புச்சத்தோடு ஃபோலிக் அமிலமும் உள்ளது. அஃது இரத்தசோகையைத் தடுக்க வகுக்கப்பட்டது. நாள்தோறும் வேண்டிய மேற்கூறிய அளவுக்கு அஃது ஈடாகாது. கீரை வகைகளிலும், பயறு வகைகளிலும், அவ்வட்டாரத்தார் மல்லாட்டை என்று வழங்கும் நிலக்கடலையிலும் இச்சத்து இயற்கையாகவே உண்டு. கீரையை நெடுநேரம் வேகவைத்து நீரைக் கொட்டிவிடுவோர் அச்சத்திலும் பெரும்பகுதியைக் கொட்டிவிடுகின்றனர். எனினும் உணவு ஒன்றையே நம்பிப் போதிய அளவைப் பெறுதல் பலர்க்கும் அரிதாகையால், மாத்திரை வேண்டா எனத் தள்ளிவிடலாகாது.

குழல் மூடியபின் மூளை வளரும் பாங்கை அண்மையில் சென்னை அறிஞர் கண்முன் கொணர்ந்துள்ளனர். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தைச் சார்ந்த சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையத்தார், பிறவாமல் மறைந்த கருக்களின் மூளைகளை மயிரிழையினும் மெல்லிய ஏடுகளாகச் சீவி, சாயமேற்றி, ஒவ்வோர் உயிரணுவும் தெரியும்வண்ணம் படம்பிடித்தனர். கருக்காலத்தின் இடைப்பகுதியைச் சேர்ந்த 5,132 ஏடுகளின் படங்களைத் தொகுத்து, தரணி என்னும் பெயரால் 2024ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் வெளியிட்டனர். இதற்குப் பத்தாண்டு முன்னர், அமெரிக்காவிலுள்ள ஆலன் மூளை ஆராய்ச்சி நிறுவனத்தார் அதே பருவத்துக் கருமூளைகள் நான்கில் எவ்விடத்தில் எம்மரபணு படியெடுக்கப்படுகின்றது என்பதை வரைபடமாக்கியிருந்தனர். ஒன்று ஊரின் தெருக்களையும் வீடுகளையும் காட்டும் படம். மற்றொன்று எவ்வீட்டில் எவ்விளக்கு எரிகின்றது என்பதைக் காட்டும் படம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போர்க்கு இரண்டும் மேலும் விளங்கும்.

தரணியின் படங்களைக் காணக் கட்டணம் இல்லை. இணையத் தொடர்புள்ள கணினி இருப்பின் கீழ்பென்னாத்தூர்ப் பள்ளியிலிருந்தும் அவற்றைக் காணலாம். அவ்வேடுகளில் மூளையின் உட்குழிவை ஒட்டிக் கருநீலப் பட்டையாகத் தாயணுக்கள் நெருங்கி நிற்கும். அங்கே பிறந்த இளம் நரம்பணுக்கள், உள்ளிருந்து வெளிப்புறம்வரை நீண்டு நிற்கும் மெல்லிய நார்களைப் பற்றிக்கொண்டு, பந்தற்காலைப் பற்றியேறும் அவரைக்கொடி போல ஏறிச் சென்று, மேற்புறத்தில் அடுக்கடுக்காக அமர்கின்றன. முன்னர்ப் பிறந்தவை கீழடுக்கிலும், பின்னர்ப் பிறந்தவை அவற்றைக் கடந்து மேலடுக்கிலும் இடம்பெறுகின்றன.